இரண்டாம் பாட்டில் கேட்ட சத்தம்

டோக்கியோ
1984 ஜூன் 19

அன்புள்ள கயோ அக்காவுக்கு,

மிசாவோ எழுதுகிறேன். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. துவைத்தது எதுவும் காய்வதில்லை. என் பள்ளிச் சீருடை நனைந்த நாய் மாதிரி நாறுகிறது. ஹச்சினோஹேயில் இன்னும் குளிர் விடவில்லையா? உன் இருமல் நின்றதா? நான் நலம். இங்கே மற்றவரும் நலம்.

"மற்றவர்" யார் என்று எழுதக்கூடாது என்பது பெரிய மாமாவின் உத்தரவு. அப்பாவும் அம்மாவும் பிரிந்து, நீ அங்கேயும் நான் இங்கேயும் என்று ஆனபோது, நம்மை உட்காரவைத்து அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "அக்காளும் தங்கச்சியும் எழுதிக்கிடுங்க, வேண்டாங்கல. ஆனா பெரியவங்க பேச்ச அதுக்குள்ள இழுக்கப்பிடாது. போனும் கூடாது." ஐயோ, இப்போது எழுதிவிட்டேனே. இதோடு சரி, இனி எழுதமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மாலைப் பாட்டு நிகழ்ச்சி உங்கள் ஊர் டிவியில் வருவதில்லை என்று நீ புலம்பியிருந்தாய். ஹயாமா யுகினோவின் புதுப்பாட்டைக் கேட்காமல் ஒருத்தி எப்படி உயிர் வாழ்வது? அதனால் நானே பதிந்து அனுப்புகிறேன். டிவிக்கு முன்னால் டேப்ரெக்கார்டரை நெருக்கி வைத்து, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, உதட்டில் விரல் வைத்து வீட்டையே அடக்கி வைத்தேன். பாட்டு முடியும்வரை தும்மல் வந்தாலும் விழுங்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் முதல் பாட்டில் தெருவில் டோஃபு விற்பவரின் ஊதல் விழுந்துவிட்டது. இரண்டாவதுதான் யுகினோவின் "மூன்றாம் நடைமேடை". ரயில் போன பிறகு அவள் அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகப் பாடுவாளே, சரியாக அந்த இடத்தில் சமையலறையிலிருந்து ஒரு குரல்: "ஏட்டி மிசா! வெந்நி ஆறுது, குளிக்கப் போறியா இல்லியா? டிவிப் பொட்டிக்குள்ளயே குடியிருக்கப் போறியா?" யார் என்று எழுதமாட்டேன். அப்புறம் நான் போட்ட சண்டையில் இரவுச் சாப்பாடே தாமதமானது. மன்னித்துக்கொள் அக்கா, உயிரான பாட்டு கெட்டுவிட்டது.

என்னிடம் இருப்பது இந்த ஒரு கேசட்தான். வரிகளை எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பு. அதன் மேலேயே அடுத்த மாதப் பாட்டுகளைப் பதிந்து அனுப்புவேன்.

ஈரத்தில் நடக்காதே. இருமலை அலட்சியம் செய்யாதே.

உன் தங்கை
மிசாவோ

*

ஹச்சினோஹே
1984 ஜூலை 8

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

கேசட் உடையாமல் வந்து சேர்ந்தது. என் இருமல் போயே போய்விட்டது. உனக்கு வேர்க்குரு வந்திருக்குமே, சொறியாதே. இங்கே காலையில் கடல்மூட்டம், மாலையில்தான் வெயில் முகம் காட்டுகிறது. நானும் நலம், இங்கே மற்றவரும் நலம். பார், நானும் உத்தரவை மீறவில்லை.

உன்னால் வகுப்பில் என் மதிப்பு ஏகத்துக்கும் உயர்ந்துவிட்டது. "மூன்றாம் நடைமேடை"யை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்! வகுப்பறை கூட்டும் நேரத்தில் பெண்கள் எல்லாரும் துடைப்பத்தை மைக்காகப் பிடித்துக்கொண்டு என்னைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கையசைப்பு எப்படி என்று கேட்கிறார்கள். நான் என்ன கண்டேன்? கேசட்டில் கை தெரியுமா? கூசாமல் நானே ஒன்றைக் கற்பித்துவிட்டேன். இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் ரயிலை நிறுத்துவது போல. இப்போது பள்ளி முழுக்க ரயிலை நிறுத்துகிறார்கள். உண்மை வெளியே வந்தால் என்னைத் துடைப்பத்தாலேயே அடிப்பார்கள். அவள் உண்மையில் எப்படிச் செய்கிறாள் என்று உடனே படம் வரைந்து அனுப்பு.

பாட்டைப் பற்றி என் கருத்து முழுவதையும் அடுத்த எட்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

சத்தத்துக்காக மன்னிப்பெல்லாம் கேட்காதே. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இரண்டாம் பாட்டைத்தான் நான் அதிகம் போடுகிறேன். கேசட்டை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே, வரிகள் எழுதி முடியவில்லை.

குளிர்ந்த தர்பூசணியை அளவுக்கு மீறித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா
கயோ

*

டோக்கியோ
1984 ஆகஸ்ட் 6

அக்கா,

வெயில் வாட்டுகிறது, அதனால் தபால் அட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். நலமா? நான் நலம். கேசட் எங்கே? ஐந்து பாட்டுக்கு வரி எழுத ஒரு கோடை விடுமுறை போதாதா? எட்டுப் பக்கம் கருத்து எழுத மட்டும் கை வந்ததே! யுகினோ மூன்று வாரமாக முதலிடம். என்னிடம் பதிய ஒன்றும் இல்லாமல் டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கையசைப்பு கீழே வரைந்திருக்கிறேன். நீ சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தலைக்குத் தொப்பி போட்டு வெளியே போ.

மிசாவோ

*

ஹச்சினோஹே
1984 ஆகஸ்ட் 29

மிசாவோவுக்கு,

உடம்பு சுகமா? இங்கே காற்று மாறிவிட்டது. கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் கிளம்பிவிட்டன. இரவில் கடல் ஓரத்தில் விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. பக்கத்து வீட்டு அத்தை வந்து எனக்குத் துணைக்குப் படுத்துக்கொள்கிறாள். அவள் குறட்டை யுகினோவைவிட உச்சத்துக்குப் போகிறது.

கேசட் இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். நான் அனுப்பவில்லை. இங்கே ஒருவர் துறைமுகத்துக்குப் போகிற வழியில் என்னிடம் சொல்லாமல் தபாலில் சேர்த்துவிட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டாம் பாட்டை மட்டும் அழிக்காதே. அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். மற்றவற்றின் மேல் எதை வேண்டுமானாலும் பதிந்துகொள். மறக்காதே மிசா.

இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு.

கயோ

*

டோக்கியோ
1984 அக்டோபர் 2

என் அருமை அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? விளையாட்டு விழாவில் ஓடி விழுந்து என் முழங்கால் தோலுரிந்துவிட்டது. மற்றபடி சுகம்.

இந்தக் கேசட்டைப் போட்டதும் நீ துள்ளிக் குதிக்கப் போகிறாய். மின்சாதனக் கடை வைத்திருக்கிற மொகி மாமா எனக்கு ஒரு வயர் கொடுத்தார். ஒரு முனையை டிவியில் செருகி மறுமுனையை டேப்ரெக்கார்டரில் செருகினால் போதும், பாட்டு மட்டும் நேராக உள்ளே போகும். மைக்கே வேண்டாம்! வீட்டில் யார் பேசினாலும் சிரித்தாலும் தட்டை உடைத்தாலும் ஒன்றும் விழாது. இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் விடுதலை கொடுத்துவிட்டேன்.

இன்னொரு நல்ல செய்தி. உனக்குப் பிடித்த இரண்டாம் பாட்டை நான் மறக்கவில்லை. யுகினோ போன திங்கட்கிழமை மறுபடி அதைப் பாடினாள். சத்தம் நிறைந்த பழையதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதைச் சுத்தமாகப் பதிந்துவிட்டேன். ஓர் இரைச்சல்கூட இல்லை. ரயில் போன பிறகு அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது! இனி ஆயுசுக்கும் வைத்துக்கொள். இந்தக் கேசட்டைத் திருப்பி அனுப்பவே வேண்டாம், எனக்கு வேறு புதியவை கிடைத்துவிட்டன.

குளிர் வருகிறது, பத்திரம்.

உன்
மிசா

*

ஹச்சினோஹே
1984 நவம்பர் 25

மிசாவோவுக்கு,

முழங்கால் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உயர்பள்ளி நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறேன். முதல் பனி விழுந்துவிட்டது. நலம்.

பாட்டுகள் தெளிவாக இருக்கின்றன. பழையதே நன்றாக இருந்தது.

மொகி மாமா யார்? உறையின் பின்புறத்தில் இப்போதெல்லாம் நீ குடும்பப் பெயர் எழுதுவதில்லையே, ஏன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

கயோ

*

டோக்கியோ
1985 புத்தாண்டு

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இந்த வருடம் உனக்குத் தேர்வில் வெற்றியும் நல்ல உடம்பும் கிடைக்கட்டும். அரிசிப் பணியாரம் தின்று தின்று என் கன்னம் உப்பிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க அழுதேன். யுகினோ மறுபடி எப்போது பாடுவாள் என்று வாராவாரம் வயரைச் செருகிவைத்துக் காத்திருந்தேன். நீ ஒரே வரியில் "பழையதே நன்றாக இருந்தது" என்று எழுதிவிட்டாய். நான் செய்தது எதுவும் உனக்குப் பிடிக்காது, அப்படித்தானே? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். கோடையிலிருந்தே மொகி மாமா இந்த வீட்டில்தான் இருக்கிறார், நானும் மொகி மிசாவோ. பழைய பெயரை எழுதினால் பொய், புதியதை எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் வெறும் மிசாவோ. பெரியவங்க பேச்சு கூடாது என்று உத்தரவு இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அவர் நல்லவர் அக்கா. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

கோபப்படாதே. கோபப்பட்டாலும் எழுது.

மிசாவோ

*

ஹச்சினோஹே
1985 பிப்ரவரி 3

அன்பு மிசாவுக்கு,

சளி பிடிக்காமல் இருக்கிறாயா? இங்கே வாசலில் பனி இடுப்பு உயரம். எனக்குக் கோபம் இல்லை. பெயர் மாறினால் என்ன, நீ என்னைக் கடித்த தழும்பு கையில் அப்படியே இருக்கிறது.

பெரிய மாமா உத்தரவை இன்று நான் மீறப்போகிறேன். அப்பா, அம்மா. எழுதியாகிவிட்டது. வானம் இடிந்துவிடவில்லை.

உன் முதல் கேசட்டில் விழுந்தது அம்மா குரல். அம்மா குரலைக் கேட்டு எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீ தினமும் கேட்கிறாய், அதனால் அது உனக்கு இரைச்சல். நான் வரி எழுதுகிற சாக்கில் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டேன். வெந்நி ஆறுது என்று அவள் கத்தும்போதெல்லாம், என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வேன். ஒரு நாள் நிஜமாகவே எழுந்து குளிக்கப் போனேன்.

ஆகஸ்டில் ஒரு மாலை. அப்பா அடுக்களையில் கணவாய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் இருப்பதை மறந்து போட்டுவிட்டேன். கத்திச் சத்தம் நின்றது.

"யாருட்டி அது?"

"யுகினோப்பா. பாட்டுக்காரி."

"பாட்டுக்காரி வெந்நி ஆறுதுன்னா பாடுதா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டேப்ரெக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இன்னொருக்கா போடு." போட்டேன். "இன்னொருக்கா." யுகினோவின் பெயர்கூடத் தெரியாத மனுஷன், படகு கிளம்பும்வரை தினமும் சாப்பாட்டுக்குப் பின் "அந்த ரயில் பாட்டப் போடு" என்பார். பாட்டு தொடங்கும்போது முகத்தைச் சுளிப்பார், அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொள்வார்.

கிளம்பும் நாளில் கேசட்டைக் காணோம். நான் வீடு முழுக்கத் தேடியதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி கேட்டிருந்தால்லா, நாந்தான் தபால்ல போட்டுட்டேன். இது வீட்டுல கெடந்தா நா கடலுக்குப் போவ மாட்டேன்" என்றார். அக்டோபரில் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கேசட்டு வந்துட்டா?" உன் சுத்தமான இரண்டாம் பாட்டை அவருக்குப் போட்டேன். கடைசிவரை காத்திருந்தார். "நல்லாத்தான் பாடுதா" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் பாட்டே கேட்பதில்லை.

உன்மேல் தப்பே இல்லை மிசா. நீ எனக்கு நல்லதுதான் செய்தாய். ஒன்று மட்டும் செய். அம்மாவை அந்தப் பழைய மைக்கில் ஏதாவது பேசச் சொல்லிப் பதிந்து அனுப்பு. எதுவாக இருந்தாலும் சரி.

பனியில் வழுக்கி விழாதே.

அக்கா
கயோ

*

டோக்கியோ
1985 பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நலமாக இரு. தேர்வு நன்றாக எழுது. இதோ கேசட். அம்மா பேசியிருக்கிறாள். மொகி மாமா தானாகவே கோட்டை மாட்டிக்கொண்டு, "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன், நிதானமா பேசுங்க" என்று வெளியே போய்விட்டார். நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. கேட்டுவிட்டு எழுது.

மிசா

*

ஹச்சினோஹே
1985 மார்ச் 14

மிசாவுக்கு,

காய்ச்சல் ஏதும் இல்லையே? நேற்று எங்கள் பள்ளியில் படிப்பு நிறைவு விழா. அப்பா கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேர்வு முடிவும் நல்லபடி.

கேசட் கேட்டோம். "கயோ, நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். படிப்பில் கவனம் செலுத்து. அப்பாவின் சொல்லுக்கு மதிப்புக் கொடு. அம்மா எப்போதும் உன் முன்னேற்றத்தை விரும்புகிறேன்." ரயில் நிலையத்தில் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்வார்களே, அந்த அம்மாள் போல இருந்தது. அழகான டோக்கியோப் பேச்சு. ஓரிடத்தில் காகிதம் திருப்பும் சத்தம்கூடக் கேட்டது.

அப்பா முழுவதும் கேட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல, "நல்லா இருக்காங்கல்லா, நல்லது" என்றார். "இன்னொருக்கா போடட்டுமாப்பா?" என்று கேட்டேன். "வேண்டாம்மா, நாளைக்கு வலை வேல இருக்கு" என்று படுத்துவிட்டார்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அம்மாவிடம் நன்றி சொல். அவள் இப்போது அப்படித்தான் பேசுகிறாளா?

உடம்பைப் பேணு.

கயோ

*

டோக்கியோ
1985 மார்ச் 27

அக்கா,

நலம்தானே? இங்கே செர்ரி மொட்டு வெடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. யுகினோ முதல் பத்திலிருந்து வெளியே போய்விட்டாள். என் வகுப்பே வேறொருத்தி பக்கம் சாய்ந்துவிட்டது. யுகினோ மாதிரி முடி வெட்டிக்கொண்டவர்கள் இப்போது வெட்கத்தில் கிளிப் குத்திக்கொண்டு அலைகிறார்கள்.

உன் கேள்விக்குப் பதில். ஆமாம், மொகி மாமா கடையில் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. ஆனால் நீ கேட்டது அம்மா முதலில் பேசியது இல்லை.

முதலில் மைக்கைக் கொடுத்ததும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பேசினாள். நினைவில் இருக்கிறவரை அப்படியே எழுதுகிறேன். "ஏட்டி கயோ, குளுருக்கு வயித்துப் பட்ட கட்டிக்கிட்டுத்தான் தூங்குதியா? போர்வைய எத்தி எறிவியே, இப்ப யாருட்டி எடுத்துப் போத்துதா? உங்கப்பா வெறும் ஊறுகாயும் சோறுமாத் தின்னுட்டு எந்திரிச்சிருவாரு, வுடாத, சூடா மிசோ சூப்பு வச்சுக் குடு. உப்பக் கொறச்சுப் போடு, அவருக்கு ஆவாது. நீ வளந்துருப்பல்லா... எம்புட்டு உயரம் இருக்கேன்னே எனக்குத் தெரியலயே..." அங்கே குரல் உடைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினாள். உடனே, "ஐயோ, இத உங்கப்பாவும் கேப்பாருல்லா. அழிச்சிரு புள்ள. அழிச்சிரு, நா எழுதி வச்சு நல்லாப் பேசுதேன்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டே என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அழித்துவிட்டேன். நீ கேட்டதை அதன் மேலேயேதான் பதிந்தோம்.

இரண்டு தடவையும் நான்தான் அக்கா. இரண்டு தடவையும் சுத்தமாக.

மன்னிப்பாயா? சாப்பிடாமல் இருக்காதே.

மிசாவோ

*

ஹச்சினோஹே
1985 ஏப்ரல் 10

என் மிசாவுக்கு,

உடம்பைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. ஒழுங்காகச் சாப்பிடு. நான் உயர்பள்ளி போகத் தொடங்கிவிட்டேன். அப்பாவுக்குத் தினமும் காலையில் சூப் வைக்கிறேன். உப்பைக் குறைத்ததும் முகத்தைச் சுளித்தார். ஏன் என்று கேட்டார். உன் கடிதத்தை எடுத்து அம்மா சொன்னதை வாசித்துக் காட்டினேன்.

அப்பா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை. "எந்த எடத்துல அழுதா?" என்று கேட்டார். உயரம் தெரியவில்லை என்ற இடத்தில் என்றேன். அவர் எழுந்து வந்து என்னைத் தூணோடு நிறுத்திக் கையால் உயரம் பார்த்தார். "அவ தோளுக்கு மேல வந்துட்டன்னு எழுது" என்றார். அப்புறம் ஆறிப்போன சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். அம்மாவிடம் சொல்லிவிடு.

நீ மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. யுகினோவின் பாட்டைப் பற்றி உனக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். அவள் மூச்சு, அவள் ரயில், அவள் கண்ணீர் எல்லாம் எழுதினேன். அடுத்த கடிதத்தில் இரண்டாம் பாட்டை அழிக்காதே என்றும் எழுதினேன். அதில் அம்மா குரல் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நீ அதைத் தொட்டிருப்பாயா? பெரிய மாமாவுக்குப் பயந்து அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை, மிசா.

அக்கா
கயோ